அரண்மனை பார்த்து கடல் பார்க்க ஒரு நாள்: தனி கார், தனி கைடு... எங்கே செலவு பண்ணலாம், எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது?

சித்தையன்கோட்டையைச் சேர்ந்த ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். கோயம்புத்தூரில் வேலை, கைக்கு வரும் சம்பளம் மாசம் 34,000. அப்பா, அம்மா, தங்கச்சி மூணு பேரையும் ஒரு நாள் வெளியே கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. அம்மா இதுவரை பார்த்த பெரிய தண்ணி ஆத்தூர் காமராஜர் அணைதான், கடலைப் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கு ராஜா கதைன்னா உயிர். அதனால் மதுரை திருமலை நாயக்கர் மஹால், ராமநாதபுரம் அரண்மனை, கடைசியில் தனுஷ்கோடி என்று பிளான்.

டிராவல்ஸில் கேட்டால், "கார், கைடு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 21,000". பக்கத்துத் தெருக்காரர் ஒருத்தர், "என் வண்டியிலேயே வா தம்பி, கிலோமீட்டருக்கு 10 ரூபாய் கொடு போதும்" என்கிறார். தம்பியோட கேள்வி: "அண்ணா, எதை எடுக்கட்டும்? 21,000-ஐ கிரெடிட் கார்டுல போட்டு இஎம்ஐ ஆக்கிடவா?"

ரெண்டுமே வேண்டாம் தம்பி. ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

தனியா கார், கைடு வெச்சு அரண்மனையும் கடலும் ஒரே நாளில் பார்க்கிற டிரிப் உலகம் முழுக்க விற்கிற சரக்கு. போர்ச்சுகலில் லிஸ்பன் போகிறவர்கள் சின்ட்ரா அரண்மனைகளைப் பார்த்துவிட்டு அட்லாண்டிக் கரையில் ரோகா முனையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருவது இதே ஃபார்முலாதான். அங்கே தூரம் கம்மி. நமக்கு சித்தையன்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 60 கிலோமீட்டர், அங்கிருந்து ராமநாதபுரம் சுமார் 115, அப்புறம் ராமேஸ்வரம் 55, அரிச்சல்முனை வரை இன்னும் இருபதுக்கு மேல். போக 250, வர 250. மொத்தம் 500 கிலோமீட்டர். இந்த 500-தான் மொத்த பட்ஜெட்டையும் தீர்மானிக்குது.

முதலில் காரைப் பிரிச்சு எழுதுங்க

"எல்லாம் சேர்த்து" என்று ஒரே நம்பராகச் சொன்னால் அதில் எது எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. கார், பேட்டா, டோல், கைடு, சாப்பாடு எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்க. நம்ம தம்பிக்கு நான் போட்ட உதாரணக் கணக்கு இது. ரேட் ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும், உங்களுக்குச் சொன்ன ரேட்டை வெச்சுத் திரும்பப் போட்டுக்கோங்க.

செடான் கார், கிலோமீட்டருக்கு 14 ரூபாய், 500 கி.மீ.: 7,000
டிரைவர் பேட்டா: 600
டோல், பார்க்கிங்: 800
அந்தந்த இடத்தில் மட்டும் கைடு: 2,000
நுழைவுச் சீட்டு: 200
சாப்பாடு, டீ, நாலு பேருக்கு: 2,400
மொத்தம்: 13,000

தலைக்கு 3,250. இதே டிரிப்பை ரெண்டு பேர் மட்டும் போனால் சாப்பாடும் டிக்கெட்டும்தான் பாதியாகும். காரும் கைடும் அப்படியே நிற்கும், மொத்தம் 11,700. தலைக்கு 5,850. தனிக் காருக்கு விலை ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. ஜோடியாகப் போகிறவர்களுக்கு இது சொகுசுச் செலவு, நாலு பேர் குடும்பத்துக்கு நியாயமான செலவு.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்பீங்க. போகலாம், செலவு இதில் ஒரு சின்னப் பங்குதான் வரும். ஆனா செம்பட்டி வந்து, மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, ஊரைக் கடந்து மாட்டுத்தாவணி போய் ராமநாதபுரம் பஸ் பிடித்து, அப்புறம் ராமேஸ்வரம், அப்புறம் தனுஷ்கோடிக்கு இன்னொரு பஸ். தனியா போகிற 25 வயசுப் பையனுக்கு ஜாலி. முழங்கால் வலி இருக்கிற அம்மாவோட, ரெண்டு அரண்மனையும் கடலும் ஒரே நாளில் இப்படி முடியாது.

கைடு தண்டச் செலவா?

பட்ஜெட் இடிச்சா எல்லாரும் முதலில் வெட்டுறது கைடைத்தான். "யூடியூப்ல பார்த்துக்கலாம்" என்று நம்ம சேனல் பார்க்கிறவங்களே சொல்வாங்க. நான் இதில் வேற கட்சி.

கைடு இல்லாமல் திருமலை நாயக்கர் மஹாலுக்குள் போனால் பெரிய தூண், பெரிய முற்றம், நாலு செல்ஃபி, பதினஞ்சு நிமிஷத்தில் வெளியே வந்துடுவோம். விஷயம் தெரிந்த ஆள் கூட இருந்தால் முதலில் சொல்வது, நாம் பார்ப்பது முழு அரண்மனையே இல்லை என்பதுதான். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் இன்று நிற்கிறது என்பார்கள். சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று ரெண்டு பெரும் பகுதி. நாம் நிற்கும் தர்பார் மண்டபம் சொர்க்க விலாசத்தைச் சேர்ந்தது. மற்றதை அழித்தது எதிரி இல்லை, சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கர். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றும்போது இங்கிருந்து பிரித்து எடுத்துப் போனார். மிச்சமும் இடிந்துகொண்டிருந்தபோது 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு செப்பனிட வைத்தார். அப்புறம் வெகு காலம் இங்கே கோர்ட் நடந்தது. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைச் சந்தில் பத்துத் தூண் என்று வரிசையாகக் கல்தூண்கள் நிற்குமே, துணி எடுக்கப் போகும்போது நாம் கண்டுக்காமல் தாண்டிப் போவோம், அதுவும் பழைய அரண்மனையின் மிச்சம் என்றுதான் சொல்வார்கள்.

ராமநாதபுரத்தில் இது இன்னும் முக்கியம். ராமலிங்க விலாசம் வெளியே இருந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்த கிழவன் சேதுபதி கட்டியது, 17-ஆம் நூற்றாண்டின் கடைசி. உள்ளே போய்த் தலையைத் தூக்கினால் சுவர், விதானம் எல்லாம் ஓவியம். கிழவன் சேதுபதிக்குப் பின் வந்த முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தில், அதாவது 1713-க்கும் 1725-க்கும் இடையில் வரைந்தவை. தஞ்சாவூர் மராத்தியரோடு நடந்த போர், மன்னரைப் பார்க்க வந்த தொப்பி போட்ட ஐரோப்பியர்கள், ராமாயணம், பாகவதம், அந்தப்புரம். யாராவது விரல் நீட்டிக் காட்டினால்தான் இது ஒரு காமிக்ஸ் மாதிரி வரிசையாக ஓடுகிற கதை என்பது பிடிபடும். காட்ட ஆள் இல்லை என்றால் அழகான, மங்கிய சுவர்தான்.

அப்பாவுக்கு ராஜா கதை பிடிக்கும் என்றாரே தம்பி, அவருக்கான இடமும் இதுதான். 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது இந்த ராமலிங்க விலாசத்தில். வரி பாக்கி விஷயமாக வரச் சொல்லி, மூணு வாரத்துக்கு மேல் ஊர் ஊராக அலைய விட்டு, கடைசியில் இங்கே பேச்சு, கைகலப்பு. கிளார்க் என்ற ஆங்கில அதிகாரி அதில் செத்தார். அடுத்த வருஷம் கயத்தாறில் தூக்கு. சினிமாவில் வசனமாகக் கேட்ட கதை நடந்த கட்டடத்துக்குள் நின்றுகொண்டு கேட்பது வேற அனுபவம், அதுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனா கைடை நாள் முழுக்க காரில் ஏத்திக்கொண்டு சுத்த வேண்டாம். இங்கேதான் பேக்கேஜ்காரர்கள் பில்லை ஏத்துறாங்க. செடானில் டிரைவர் போக நாலு சீட்டு. குடும்பமே நாலு பேர். கைடு எங்கே உட்காருவார்? பெரிய வண்டி எடுக்கணும். கிலோமீட்டருக்கு 19 என்றால் 9,500, அதாவது 2,500 கூடுது. நாள் முழுக்க கைடுக்கு 4,000 என்றால் அங்கே 2,000 கூடுது. அவர் சாப்பாடு 600. மொத்தம் 5,100 ரூபாய் அதிகம். இவ்வளவும் அவர் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் ரெண்டு மணி நேரம் நம்மோடு தூங்கிக்கொண்டு வருவதற்கு.

மஹாலில் ஒரு மணி நேரம், ராமலிங்க விலாசத்தில் ஒரு மணி நேரம், அந்தந்த ஊர் ஆளை முன்னாடியே போனில் பேசி வைங்க. அரசு அங்கீகார அடையாள அட்டை இருக்கா என்று கேளுங்க. தொகையை உள்ளே போவதற்கு முன்னாடியே பேசிடுங்க. டிரைவர் கைடு இல்லை, அவரிடம் கதை கேட்டுக்கொண்டே போவது ரோட்டுக்கும் நல்லதில்லை.

அந்த 5,000 ரூபாயை இங்கே போடுங்க

500 கிலோமீட்டர் என்றால் வண்டி ஓடும் நேரம் மட்டும் 10 மணி நேரம். காலை 7 மணிக்குக் கிளம்பி, 9 மணிக்கு மஹால் திறந்ததும் உள்ளே போய், பன்னிரண்டரை வாக்கில் ராமநாதபுரம், சாப்பிட்டு மூணரைக்கு தனுஷ்கோடி, 5 மணிக்குத் திரும்பினால் வீடு வந்து சேர ராத்திரி 10 தாண்டும். ஒரே டிரைவர். வாடகை வண்டிக்காரருக்கு முந்தின நாளும் சவாரி இருந்திருக்கும், நமக்குத் தெரியாது. ராத்திரி நாலு வழிச்சாலையில் அவர் கண் சொக்கினால் பின் சீட்டில் இருப்பது நம் அம்மா, அப்பா.

இப்ப ஒரு விஷயம் கவனிங்க. வெளியூர் சவாரிக்குப் பல டிராவல்ஸில் ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்கு. அதாவது இந்த 500-ஐ ஒரே நாளில் ஓடினாலும், ரெண்டு நாளில் ஓடினாலும் கார் வாடகை அதே 7,000. ராமேஸ்வரத்தில் ஒரு ராத்திரி தங்கினால் கூடுவது இன்னொரு பேட்டா 600, ரெண்டு ரூம் 3,000, மறுநாள் சாப்பாடு 1,600. ஆக 5,200. நாள் முழுக்க கைடுக்கும் பெரிய வண்டிக்கும் கொடுக்க இருந்த அதே காசு!

டிரைவர் தூங்குவார். நீங்களும் அரக்கப்பரக்க ஓட வேண்டாம். லீவு கிடைக்காதவர்கள் ஒரே நாளில்தான் போகணும் என்றால் ராமேஸ்வரம் கோயிலைப் பிளானில் சேர்க்காதீங்க. 22 தீர்த்தமும் ஆடி சாமி கும்பிட அரை நாள் போயிடும்.

தனுஷ்கோடி பற்றி ரெண்டு வார்த்தை. 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு கார் நேராகப் போகும். அதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி வேன் பிடித்து மணலில் குலுங்கிக்கொண்டு போகணும். சாயங்காலத்தில் உள்ளே விடுவதை நிறுத்திடுவாங்க, அதனால் 4 மணிக்குள் செக்போஸ்ட்டைத் தாண்டுற மாதிரி பாருங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஒரு பயணிகள் ரயிலே பயணிகளோடு போன இடம். இடிந்த சர்ச்சும் ஸ்டேஷன் சுவரும் நிற்கிறது. அதுவரை சென்னையிலிருந்து ரயில், இங்கிருந்து கப்பல், தலைமன்னார் இறங்கி கொழும்பு என்று ஒரே டிக்கெட்டில் போன போட் மெயில் பாதை இது. ரெண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் அமைதி, ஒரு பக்கம் சீற்றம். பார்க்கத்தான் வந்திருக்கோம், குளிக்க இறங்காதீங்க. நீரோட்டம் இழுக்கும்.

நேரம் ஒத்துவந்தால் ராமநாதபுரத்தில் குடும்பத்தை ரயில் ஏத்திவிட்டு, காரை ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லலாம். 2025 ஏப்ரலில் திறந்த புது பாம்பன் பாலத்தில் ரயிலில் போகிற சுகமே தனி, அதுக்கு ஆகும் டிக்கெட் காசு ஒரு டீ, வடை காசுதான்.

பக்கத்துத் தெருக்காரரின் 10 ரூபாய் கார்

இப்ப சீரியஸான விஷயம். 14-க்குப் பதில் 10 என்றால் 500 கிலோமீட்டருக்கு 2,000 ரூபாய் மிச்சம். தலைக்கு 500. அந்த 500-க்கு நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம்?

வெள்ளை நம்பர் பிளேட், அதாவது ஓன் போர்டு வண்டியின் இன்ஷூரன்ஸ் சொந்த உபயோகத்துக்கு மட்டும். பாலிசி பேப்பரில் எந்த உபயோகத்துக்குச் செல்லும் என்று ஒரு பகுதி இருக்கும், அதில் வாடகைக்கு ஓட்டக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கும். கிலோமீட்டருக்கு ரேட் பேசிட்டால் அது வாடகை. விபத்து நடந்து, காசு வாங்கிக்கொண்டு ஓட்டினார் என்று தெரிந்தால், வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் காரணம் கிடைச்சாச்சு. உள்ளே இருந்தவர்களுக்கான நஷ்டஈட்டுக்கும் அதே காரணத்தைச் சொல்லி கோர்ட்டில் இழுக்கலாம். ஆஸ்பத்திரி பில் அதுவரை காத்திருக்காது. அந்த வண்டியில் 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கே என்று யாராவது சொன்னால், அது வண்டியை ஓட்டும் ஓனருக்கு. பின் சீட்டில் இருக்கும் அம்மாவுக்கு இல்லை.

இன்னொரு பக்கம், பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறைக்கும் இடம் உண்டு. தண்டனை ஓட்டுபவருக்குத்தான். ஆனா வண்டியைப் பரமக்குடி பக்கம் நிறுத்தி வெச்சுட்டாங்க என்றால் ரோட்டில் நிற்பது உங்க குடும்பம்.

பக்கத்துத் தெருக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நல்ல மனுஷனாகத்தான் இருப்பார், நல்லாவும் ஓட்டுவார். இன்ஷூரன்ஸ் பேப்பருக்கு அதெல்லாம் தெரியாது. மஞ்சள் பிளேட் வண்டியை எடுங்க. நீங்களே ஓட்டுவீங்க என்றால் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும் செல்ஃப் டிரைவ் வண்டி. சொந்தக் கார் இருந்தால் இன்னும் சுலபம்: 2025 ஆகஸ்ட் 15 முதல் 3,000 ரூபாயில் அறிமுகமான ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்தான், ஹைவேயில் அடிக்கடி போகிறவர்களுக்கு லாபம். டாக்ஸிக்கு அது கிடையாது, அதனால் "பாஸ் இருக்கு, டோல் ஃப்ரீ" என்று எந்த டாக்ஸிக்காரராவது சொன்னால் கொஞ்சம் கூர்ந்து பாருங்க.

காசு எங்கிருந்து?

ஒரு ராத்திரி தங்குவதையும் சேர்த்து 18,200. தம்பி சம்பளத்தில் பாதிக்கு மேல். இதை கார்டில் போட்டு முழுசாகக் கட்டாமல் விட்டால் மாசம் 3.5 சதவீதம் போல வட்டி, வருஷத்துக்கு 42. "நோ காஸ்ட் இஎம்ஐ" என்றாலும் பிராசஸிங் கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். டிரிப் முடிந்து மணல் உதிர்ந்த பிறகும் ஆறு மாசம் தவணை போகும். அதையே திருப்பிப் போடுங்க: இந்த மாசமே ஆறு மாச ஆர்டி ஒண்ணு, மாசம் 3,050. டிரிப்பை அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குத் தள்ளினால் என்ன கெட்டுப்போச்சு? வடகிழக்குப் பருவமழையும் முடிந்திருக்கும், ராமநாதபுரம் வெயிலும் முழுசா ஆரம்பிச்சிருக்காது.

எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமா என்றும் கேட்டிருந்தார். பழைய வரி முறையில் இருந்தால் மட்டும், அதுவும் லீவு எடுத்துப் போயிருந்தால் மட்டும். பயணக் கட்டணத்துக்குத்தான் விலக்கு. ரூம், சாப்பாடு, கைடு எதுவும் வராது. டாக்ஸி பில் முழுசாக ஏற்கப்படும் என்றும் எதிர்பார்க்காதீங்க, ரயில் போகும் ஊருக்கு ரயில் கட்டணத்தை வெச்சுத்தான் உச்சவரம்பு. பெற்றோர் உங்க வருமானத்தை நம்பி இருக்கணும். நாலு வருஷத்துக்கு ரெண்டு பயணம்தான். 2026-இலிருந்து 2029 வரை புது பிளாக். இந்தச் சின்ன டிரிப்புக்கு அதில் ஒண்ணைச் செலவழிக்காமல், பின்னாடி டெல்லி, காசி என்று தூரமாகப் போகும்போது எடுப்பது புத்திசாலித்தனம்.

புக் பண்ணும்போது முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீங்க, ஆயிரம் ரெண்டாயிரம் அட்வான்ஸ் போதும். கிலோமீட்டர் ரேட், குறைந்தபட்ச கிலோமீட்டர், பேட்டா எத்தனை நாளுக்கு, மீட்டர் எங்கிருந்து ஓட ஆரம்பிக்கும் (உங்க வீட்டிலிருந்தா, அவங்க ஷெட்டிலிருந்தா, திண்டுக்கல் ஷெட் என்றால் போக வர கூடுதலாக விழும்), 5 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்க. முந்தின நாள் சாயங்காலம் வண்டி நம்பரைக் கேட்டு எம்-பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்க. வண்டி வகை டாக்ஸியா, இன்ஷூரன்ஸ், ஃபிட்னஸ் எந்தத் தேதி வரை என்று ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். காலையில் வேற வண்டி வந்து நின்றால் அந்த நம்பரையும் போட்டுப் பார்த்துட்டுத்தான் பையை ஏத்தணும்.